வலப்பக்கத்து மேஸ்திரி

பதினோரு தறி என் பெயரில் ஓடுகிறது. சின்ன காஞ்சிபுரத்தில் சொந்தக் கட்டிடத்தில் கடை, அதற்கு மேலே இரண்டு மாடி வீடு. தங்கையின் கல்யாணம், மகள்கள் இருவரின் காலேஜ் படிப்பு எல்லாம் ஒற்றை ஆளாக நான் பார்த்துச் செய்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். இன்றைக்கும் எந்தச் சேலையைக் கையில் எடுத்தாலும் முதலில் கரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். நெய்தவனையும் நம்ப மாட்டேன், கொண்டு வந்தவனையும் நம்ப மாட்டேன். அந்தக் குணம் எனக்குப் பத்து வயதில் வந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். வீட்டில் ஒரே தறி. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். அப்பா நெய்வார். வலப்பக்கம் உட்கார்ந்து, கரைக்கான நூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடாவைத் தள்ளுவது சித்தப்பாவின் வேலை. முப்பது வயது ஆள். அறிவு ஏழு வயதோடு நின்றுவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எண்ணத் தெரியாது, தனியாக பஸ் ஏறத் தெரியாது. ஆனால் அப்பாவின் கால் மிதியை அழுத்தும் சத்தத்துக்கு அவர் நாடா தவறாமல் பறக்கும். அவர் உட்காராவிட்டால் அந்த இடத்தில் நான் உட்கார வேண்டும், பள்ளிக்கூடம் அவ்வளவுதான். அது எனக்கு அப்போதே தெரியும்.

சித்தப்பாவுக்கு வலிப்பு உண்டு. தினம் சாயங்காலம் ஒரு மூடி கசப்பு மருந்து. யார் கொடுத்தாலும் துப்பிவிடுவார். நான்தான் அதற்கு ஒரு வித்தை கண்டுபிடித்தேன். "கண்ண மூடு, மூக்கப் புடி, ஒரே முழுங்கு. நீதான் மேஸ்திரி" என்பேன். மடக்கென்று குடித்துவிட்டு நெஞ்சை நிமிர்த்துவார். வீட்டில் எல்லோருக்கும் அவர் வெறும் "டேய்"தான். தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கட்டும் என்றே வாசலில் வைத்து ஊற்றுவேன். தெருக்கோடியில் பட்டு நூல் முறுக்கும் ஷெட்டின் ஆட்கள் சிரித்துக்கொண்டு, "இன்னொரு வாட்டி சொல்லுடா" என்பார்கள். சொல்வேன்.

ஒரு நாள் அப்பா நெய்த துணியைத் தூக்கிப் பார்த்தார். உடலுக்கும் கரைக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி. நாடா நாலைந்து இடத்தில் தவறியிருந்தது. சித்தப்பாவின் கண் சொருகியிருந்தது.

"இன்னாடா குடிச்ச?"

"மருந்து."

அவர் வாயில் எப்போதுமே மருந்து நெடிதான்; பொய் சொல்லவும் வராது. அதனால் அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ எத்தினி மூடிடா ஊத்தற?"

"ஒண்ணுதாம்பா."

"வெளையாட்டுக்கு ரெண்டா ஊத்தி வெச்சியா?"

அம்மாவும் பாட்டிலை எடுத்து அளவு பார்த்தாள். என்னையே சந்தேகப்பட்ட வீட்டில் நான் யாரை விட்டுவைப்பது? அம்மாவையே முதலில் சந்தேகித்தேன். மதியம் வெளியே போய் வரும் சித்தப்பாவின் ஆள்காட்டி விரலில் சிவப்பாக ஊறுகாய்க் கறை இருந்தது; கசப்புக்கு ஊறுகாய் நக்கக் கொடுத்து அவள்தான் இன்னொரு மூடி ஊற்றுகிறாளோ என்று நினைத்தேன். எங்கள் ஊறுகாய் ஜாடியின் வாயில் கட்டிய துணிக்கு மேல் ஒரு பட்டு இழையைச் சுற்றி முடிச்சுப் போட்டு வைத்தேன். மறுநாளும் முடிச்சு அப்படியே இருந்தது. விரலில் கறையும் இருந்தது. ஆகவே ஊறுகாய் வெளி ஊறுகாய்.

அடுத்த நாள் மதியம் பள்ளிக்கூடத்திலிருந்து நழுவி அவர் பின்னாலேயே போனேன். ஷெட்டுக்குப் பின்பக்கம் போனார். அங்கே நாலு பேர். முதலில் தொட்டிக்குத் தண்ணீர் தூக்க வைத்தார்கள், பிறகு நூல் சிப்பங்களை உள்ளே அடுக்க வைத்தார்கள். எல்லாம் முடிந்ததும் சிவப்புத் துண்டுக்காரன் ஒருவன், "வாங்க மேஸ்திரி, குந்துங்க" என்றான். சித்தப்பா தோளில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு அவர்கள் நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சாராயப் பாக்கெட்டின் மூலையைக் கடித்து டம்ளரில் ஊற்றிய சிவப்புத் துண்டுக்காரன் சொன்னான்:

"மருந்து மேஸ்திரி. கண்ண மூடு, மூக்கப் புடி, ஒரே முழுங்கு."

நாலு பேரும் சேர்ந்து முடித்தார்கள்: "நீதான் மேஸ்திரி."

உள்ளதைச் சொல்கிறேன், அந்த நொடியில் எனக்குப் பெருமையாக இருந்தது. பெரிய ஆட்கள் என் வசனத்தைப் பேசுகிறார்கள்.

பிறகுதான் ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் வந்து கத்தினார். சிவப்புத் துண்டுக்காரன் எழுந்திருக்கவே இல்லை. "இன்னாபா, நாங்க இன்னா வாயத் தொறந்தா ஊத்தினோம்? அதுவா வந்து குந்திக்கினு கேக்குது."

அப்பா சித்தப்பாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். மருந்து என்று சொல்லி ஏமாற்றியதாக மட்டும் வீட்டில் சொன்னேன். மீதி வசனத்தை விட்டுவிட்டேன்.

மூன்று நாள் உள்ளே வைத்துப் பூட்டினார்கள். மாதக்கணக்கில் குடித்த உடம்பைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? வலிப்பு அடுக்கடுக்காக வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவருக்குக் கை நடுங்கியது, நாடா கையில் நிற்கவில்லை. பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டிவிட்டு நான் வலப்பக்கம் உட்கார்ந்தேன்.

எனக்கு அவர் மேல் கோபம். சாயங்காலம் மூடியில் ஊற்றி நீட்டி, "குடி" என்று மட்டும் சொல்வேன். அவர் கண்ணை மூடுவார், மூக்கைப் பிடிப்பார். பிறகு கண்ணைத் திறந்து என் வாயையே பார்த்துக்கொண்டு இருப்பார். மருந்து கைநடுக்கத்தில் சிந்தும். திருட்டுத்தனமாகக் கதவைத் தள்ளிக்கொண்டு ஷெட்டுக்குப் போய் நிற்பார். அப்பாவுக்குப் பயந்து அவர்களும் விரட்டினார்கள். வேறு தெருவில் வேறு ஆட்கள் கிடைத்தார்கள். அதற்குப் பிறகு ஐந்தே வருடம்தான் உயிரோடு இருந்தார்.

சாராயத்துக்கு ஏங்குகிறார் என்றுதான் பத்து வயதில் நினைத்தேன். "மேஸ்திரி" என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்கும் சேர்த்துத்தான் நின்றார் என்பது, கடை திறந்த அன்று முதல்முறையாக ஒருவர் என்னை "முதலாளி" என்று கூப்பிட்டு, என் நெஞ்சு தானாக நிமிர்ந்தபோதுதான் புரிந்தது.

சொந்தக்காரர்கள் இன்றும், "அவன் குடிச்சே போனான், நீதான் குடும்பத்தத் தூக்கின" என்கிறார்கள். தூக்கினேன், இல்லை என்று சொல்லவில்லை. பதினோரு தறியை என் கணக்கில் சேர்க்கிறவர்கள் அந்த வசனத்தையும் என் கணக்கில் சேர்க்க வேண்டும். ஷெட்டுக்காரர்கள் ஊற்றினார்கள். சொல் என்னுடையது.