குளோரின் மணமும் நூல் தூசியும்

அக்காவின் இடது கண்ணில் பார்வை போய்க்கொண்டிருந்த மூன்று மாதமும் நான் அதே வீட்டில்தான் இருந்தேன். மத்தியானமும் இரவும் அவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன். முப்பது வருடத்துக்கு மேல் பத்திரிகை அலுவலகத்தில் மற்றவர்கள் எழுதியதில் பிழை பார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான். அந்த மூன்று மாதத்தில் அக்கா தன் கண்ணுக்கு என்ன என்று எனக்கு இரண்டு காரணங்கள் சொன்னார். இரண்டையும் ஏற்றுக்கொண்டேன். இரண்டும் பிழை.

மனைவி இறந்த பிறகு யாழ்ப்பாணத்து வாடகை வீட்டை விட்டுவிட்டுக் கரம்பொன்னில் அக்காவோடு வந்து சேர்ந்தேன். அக்கா திருமணம் செய்யவில்லை. உபதபாலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, நெடுநாளாக உண்டு. மருந்துக் குளிசையைத் தவறாமல் போடுவார். சீனி போட்ட தேத்தண்ணியையும் தவறாமல் குடிப்பார்.

பின்னல் வேலையைத் தொடக்கி வைத்தது கனடாவில் இருக்கும் என் மகள். ஊருக்கு வந்தபோது, மாமிக்குப் பொழுது போகட்டும் என்று ஒரு பை நிறையப் பருத்தி நூல் பந்துகளும் இரண்டு பின்னல் ஊசிகளும் கொண்டுவந்தாள். மலிவு விற்பனையில் எடுத்ததால் எல்லாப் பந்தும் ஒரே நிறம், கடும் நீலம். அந்த நூலில் கோப்பை கழுவும் துணி பின்னுவது அங்கே பலருக்கு வழக்கமாம். ஒரு சாண் அளவில் சதுரத் துண்டு. அக்கா பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரிகளிடம் படித்த பின்னல் அறுபது வருடம் கழித்தும் கையில் இருந்தது. முதல் துணியை இரண்டு நாளில் முடித்தார்.

எங்கள் குசினியில் கோப்பை கழுவுவது தேங்காய்த் தும்பாலும் பழைய சாரத் துண்டாலும். பின்னிய துணியைப் பாவிக்க எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை. அடுத்த வீட்டுப் பெண் ஒரு நாள் கறிவேப்பிலை கேட்டு வந்தவள், கொடியில் தொங்கிய மூன்று துணிகளையும் பார்த்துவிட்டு நின்றாள்.

“இதென்னக்கா, சட்டிக்கு ஸ்வெற்றரோ?”

“ஓம். உன்ர சட்டிக்கும் குளிருதெண்டால் சொல்லு, அளவெடுக்க வாறன்.”

நயினாதீவுத் திருவிழாவுக்கு வெளிநாட்டில் இருந்து வரும் உறவினர் கையில் அக்கா ஐந்தாறாகக் கட்டிக் கொடுத்து விடுவார். ஊரில் பின்னி வந்தது என்று அவர்கள் அங்கே கொண்டுபோய்ப் பாவித்தார்கள்.

பிறகு ஒரு நாள் அக்கா நூலை வெளுக்கத் தொடங்கினார். மழைக்குப் பிறகு கிணற்றில் போடுவதற்கென்று கொடுத்த குளோரின் தூள் ஒரு ரின்னில் மீதி இருந்தது. அதை ஒரு பிளாஸ்ரிக் வாளித் தண்ணீரில் கரைத்தார். நூல் பந்தைக் கதிரையின் இரண்டு கைப்பிடிகளுக்கும் குறுக்கே சுற்றி, நீள வளையமான கழியாக எடுத்தார். கழியின் ஒரு பகுதியைப் பொலித்தீனால் இறுக்கிச் சுற்றிக் கட்டிவிட்டு மற்றப் பகுதியைக் கரைசலில் தொங்கவிட்டார். நீலம் முதலில் ஊதாவாகி, பிறகு செம்மண் நிறத்துக்கு வந்து, கடைசியில் பால் விட்ட தேத்தண்ணி நிறத்தில் நின்றது. பொலித்தீனுக்குள் இருந்த பகுதி நீலமாகவே இருந்தது. அந்த நூலைப் பின்னும்போது ஒரே வரிசையில் எட்டுக் கண்ணி நீலம், எட்டுக் கண்ணி வெளிர், மறுபடி எட்டு நீலம் என்று வந்தது. வரிசைக்கு வரிசை அது சற்று நகர்ந்ததால், துணி முழுவதும் சரிவான கோடுகள் விழுந்தன.

“ஒரே நீலத்தைப் பார்த்து அலுத்துப்போச்சு” என்றார்.

படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். “மாமி, இந்த நிறம் கடையிலயும் எடுக்கேலாது” என்று அவள் குரல்பதிவு அனுப்பினாள். அக்கா அதை மூன்று தடவை போடச் சொல்லிக் கேட்டார். அடுத்த நாளே இன்னும் நான்கு கழிகள் வாளிக்குள் இறங்கின.

வெளுத்த நூலை நிறையத் தண்ணீரில் அலச வேண்டும். எங்கள் கிணறு உவர். குடிக்கிற தண்ணீர் பவுசர் வண்டியில் வந்து கானில் நிறைவது. உவர்த் தண்ணீரில் இரண்டு தடவையும் நல்ல தண்ணீரில் ஒரு தடவையும் அலசுவார், அவ்வளவுதான். அது போதாது. வெளியே காற்றோடு மண் பறப்பதால் விறாந்தைக்குள்ளேயே காயப்போட்டார். வீடு முழுக்கக் குளோரின் மணத்தது. காயக்காய நூல் சொரசொரத்து, பின்னும்போது தூசியாக உதிர்ந்தது. அக்காவின் மடியில் மெல்லிய பஞ்சு படிந்திருக்கும்.

இடது கண் சிவந்தது அப்போதுதான்.

“குளோரின் மணம் கண்ணுக்குள்ள போட்டுது” என்றார்.

பின்னிக்கொண்டிருக்கையில் முகத்துக்கு முன்னால் கையை வீசி எதையோ விலக்குவார். நுளம்பை விரட்டுவது போல இருக்கும். என்ன என்று கேட்டேன்.

“நூல் தூசி. கண்ணுக்கு முன்னால நூல் நூலாப் பறக்குது.”

நானும் மடியைப் பார்த்தேன். பஞ்சு இருந்தது. அதற்கு மேல் கேட்கவில்லை. அவர் கையை வீசிய இடத்தில், வெயில் படும் அந்த இடத்தில், எதுவும் பறக்கவில்லை என்பதை நான் பார்த்திருக்க வேண்டும். பார்த்தும் இருக்கலாம். இப்போது நினைத்துப் பார்த்தால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அந்தக் கிழமைதான் அக்காவுக்கு யாழ்ப்பாணத்தில் கண் கிளினிக். சீனி வருத்தக்காரருக்கு வழக்கமாகச் செய்யும் சோதனை. முதல் நாள் மாலை அக்கா கிளினிக் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

“கண் சிவந்திருக்கேக்க போனால் மருந்து விட்டுப் பார்க்க மாட்டினம். திருப்பி அனுப்பிவிடுவினமோ?”

“அப்ப ஆறட்டும். குளோரினை நிப்பாட்டினால் தானா ஆறும். அடுத்த திகதிக்குப் போவம்” என்றேன்.

இதைச் சொன்னது நான். அக்கா கேள்வியாகத்தான் கேட்டார். முடிவை எடுத்தது நான்.

இரண்டு கிழமை வெளுப்பதை நிறுத்தினோம். சிவப்பு போய்விட்டது. காரணத்தைச் சரியாகக் கண்டுபிடித்தோம் என்று எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது. சிவப்பு குளோரினால் வந்தது. அதனால் குளோரினை நிறுத்தியதும் போனது. உள்ளே நடந்துகொண்டிருந்த வேறொன்றுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை என்பது எனக்குத் தோன்றவில்லை. பிறகு அக்கா வாளியை முருங்கை மரத்தடிக்கு மாற்றிக்கொண்டு மறுபடி தொடங்கினார். நான் தடுக்கவில்லை.

கண்டுபிடித்தது என் மகள். ஏழு கடல் தாண்டி இருந்து, உள்ளங்கை அளவு திரையில் பார்த்துக் கண்டுபிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கதைத்து முடித்து அக்கா குசினிக்குள் போன பிறகு கேட்டாள்.

“அப்பா, மாமி ஏன் போனைப் பார்க்காமல் பக்கத்தில பார்த்துக் கதைக்கிறா?”

“அவவுக்குப் போன் பிடிக்கத் தெரியாது, பிள்ளை.”

“போன் உங்கட கையிலதானேயப்பா இருந்தது.”

போனை வைத்துவிட்டு அக்காவின் அலுமாரியைத் திறந்தேன். அடுத்த திருவிழாவுக்கென்று முடித்த துணிகள் அடுக்கியிருந்தன. முடித்த ஒழுங்கில் அடுக்குவது அவர் பழக்கம். கீழே பழையது, மேலே புதியது. பதினாறு துணிகள். அவற்றைச் சாப்பாட்டு மேசையில் வரிசையாக விரித்தேன்.

முதல் நான்கில் எட்டு நீலமும் எட்டு வெளிரும் பிசகாமல் இருந்தன. ஐந்தாவதில் வெளிர்ப் பகுதி பத்துக் கண்ணி. எட்டாவதில் பன்னிரண்டு. அதன் பிறகு நீலம் ஒரு விரல் அகலமாக ஒடுங்கிக்கொண்டு போனது. நீலத்தில்தான் பிழைகள் இருந்தன. கண்ணி நழுவி ஏணி போல இறங்கிய இடங்கள், ஒரே கண்ணியில் இரண்டு தடவை ஊசி நுழைந்த இடங்கள் எல்லாம் நீலத்தில். கடைசி மூன்று துணிகளில் நீலமே இல்லை. முழுவதும் பால் தேத்தண்ணி நிறம். வடிவுக்காக வெளுக்கவில்லை. நீல நூலில் கண்ணியை அவரால் காண முடியவில்லை. வெளிர் நூலில் காண முடிந்தது. அதிலும் காண முடியாமல் போகப் போக, இன்னும் கூடிய நேரம் குளோரினில் ஊறவிட்டிருக்கிறார். பதினாறாவது துணியின் நூல் என் விரல்களுக்கிடையில் இழுத்ததும் அறுந்தது.

அக்கா குசினி வாசலில் நின்றார். மேசையில் இருப்பது என்ன என்று அவருக்குத் தெரிய ஒரு கணம் எடுத்தது. அந்தக் கணத்தையும் அன்றுதான் முதலில் கவனித்தேன்.

“எத்தினை நாளா?” என்று கேட்டேன்.

“மழைக்கு முந்தியே மங்கத் தொடங்கிட்டுது.”

“என்னட்டச் சொல்லியிருக்கலாமே, அக்கா.”

“சொன்னனான்தானே. நூல் நூலாப் பறக்குதெண்டு சொன்னனான். நானும் நூலெண்டுதானடா நினைச்சன்.”

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போனோம். கண்ணில் மருந்து விட்டு, இரண்டு மணித்தியாலம் மர வாங்கில் இருத்தி வைத்து, உள்ளே கூப்பிட்டார்கள். டொக்டர் சின்ன வயதுப் பெண். ஒளியை வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு கிளினிக் கொப்பியைப் புரட்டினார்.

“இந்தத் திகதிக்கு ஏன் வரேல்லை?”

“கண் சிவந்திருந்தது” என்றேன். “வீட்டில குளோரின் பாவிச்சவ. அதாலதான் எண்டு...”

“சிவப்பு வெளியில ஐயா. இது உள்ளுக்க. சீனியால உள்ளுக்க ரத்தம் கசிஞ்சிருக்கு. அம்மாவுக்கு நூல் மாதிரிப் பறந்தது அந்த ரத்தம்தான்.” கொப்பியை மூடினார். “அண்டைக்கே வந்திருந்தால் லேசர் அடிச்சுப் பார்த்திருக்கலாம். இப்ப விழித்திரை இழுபட்டுக் கழண்டிட்டுது. சத்திரசிகிச்சைக்குக் கொழும்புக்கு எழுதலாம். ஆனால் பார்வை திரும்பும் எண்டு நான் சொல்லமாட்டன்.”

அக்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: “மற்றது?”

வலது கண்ணிலும் தொடங்கியிருந்தது. அதற்கு லேசர் செய்தார்கள், மூன்று தடவையாக. கடைசித் தடவை வீட்டுக்குப் போகும்போது டொக்டர் ஒரு கடதாசி தந்தார். சிறு சிறு கட்டங்கள் போட்டு நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி வைத்த கடதாசி. நாள்தோறும் காலையில் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வலது கண்ணால் நடுப்புள்ளியைப் பார்க்க வேண்டும். கோடு வளைந்தாலோ, எங்காவது இல்லாமல் போனாலோ அன்றைக்கே வர வேண்டும். “திகதி பார்க்க வேண்டாம்” என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

அக்கா தேத்தண்ணி குடித்த பிறகு குசினி வாசலில், வெளிச்சம் விழும் பக்கமாக, நான் அந்தக் கடதாசியைப் பிடிப்பேன்.

“நேராத்தான் இருக்கு” என்பார் அக்கா.

கொப்பியில் திகதி போட்டு ‘நேர்’ என்று எழுதுவேன். ஒரு மாதம் இப்படிப் போனது. பின்னலை விட்டுவிட்டார். ஊசிகள் எங்கே என்று நான் கேட்கவில்லை. சீனியை நிறுத்தினார். தேத்தண்ணியை வாயில் வைக்கும்போது முகம் சுளிப்பார். எனக்கு அது நல்ல அறிகுறியாகப் பட்டது.

சென்ற வியாழக்கிழமை காலை கடதாசியை மேசையில் இருந்து எடுத்து, வழக்கமான இடத்தில் வழக்கமான உயரத்தில் பிடித்தேன்.

“நேராத்தான் இருக்கு. உன்ர தேத்தண்ணி ஆறுது, குடி.”

கொப்பியில் எழுதிவிட்டுக் கடதாசியைக் கீழே வைக்கப் போனேன். கட்டங்கள் என் பக்கம் இருந்தன. அக்காவுக்குக் காட்டியது வெறும் வெள்ளைப் பக்கம்.

அதே பக்கத்தை இன்னொரு தடவை தூக்கிப் பிடித்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது.

“நடுப்புள்ளி தெரியுதோ, அக்கா?”

“தெரியுது.”

“கடதாசி மற்றப் பக்கம்.”

அக்கா கோப்பையை எடுத்து, அதில் ஒன்றும் இல்லாததை உணர்ந்து, திரும்ப வைத்தார்.

“எத்தினை நாளா?”

“நாலு நாள். ஐஞ்சு எண்டும் சொல்லலாம்.”

“அண்டைக்கே வரச் சொன்னவையெல்லே?”

“போய் என்ன செய்யிறது? போனமுறை போய் ஒரு கண்ணைக் குடுத்திட்டு வந்தனாங்கள். இதுக்கும் முடிஞ்சுது எண்டு அவ சொன்னால் பேந்து முடிஞ்சதுதான். சொல்லுமட்டும் ஏதோ தெரியிற மாதிரி இருக்குமெல்லே.” பிறகு, “கத்தாதை” என்றார். நான் கத்தவில்லை.

பஸ்ஸுக்கு இருபது நிமிடம் இருந்தது. கொப்பியைப் பைக்குள் வைத்தேன். அதில் கடைசி ஐந்து நாளுக்கும் என் கையெழுத்தில் ‘நேர்’ என்று இருந்தது. டொக்டர் அதைப் படிப்பார். அக்கா சேலையை மாற்றிக்கொண்டு அறையில் இருந்து வந்து, தோளில் சேலையைக் குத்தும் ஊசியை என்னிடம் நீட்டினார். ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. இரண்டாம் தடவைதான் சரியாகக் குத்தினேன்.

சந்திக்கு நடக்கும்போது அவர் எனக்கு ஒரு அடி பின்னால் வந்தார். மெதுவாக நடந்தேன். பஸ் வந்து நின்றது. நடத்துனர், “ஏறுங்கோ அம்மா, கெதியா ஏறுங்கோ” என்றார். நான் கையை நீட்டினேன். அக்கா அதைப் பிடிக்கவில்லை. கம்பியை ஒரு கையால் தடவிப் பிடித்துக்கொண்டு, முதற்படி எங்கே இருக்கிறது என்று காலால் தேடினார்.