பிளாஸ்கில் ஐஸ்

புதுக் கிரகம், புது மருந்து என்று யாராவது வியந்தால் எனக்கு எரிச்சல் வரும். காரணம், யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தை லொட்ஜில் பக்கத்து அறையில் இருந்த பௌதிக ஆசிரியர்.

ஒட்டிய கன்னம், கையில் எந்நேரமும் ஒரு பிளாஸ்க். யாழ்ப்பாணத்தில் நீரிழிவோடு இருந்த மனைவிக்கு வாங்கிய இன்சுலின் அதற்குள் இருந்தது. வவுனியா இராணுவச் சோதனைச் சாவடியைத் தாண்டிக் கொண்டுபோக அனுமதி கிடைக்கவில்லை. தினமும் காலையில் ஐஸ் மாற்றுவார்.

செவ்வாயில் இறங்கிய விண்கலம் படம் அனுப்பிய செய்தியைப் பேப்பரில் காட்டினேன்.

"ஓம் தம்பி, அங்கையிருந்து படம் வரப் பத்து நிமிஷம் காணும். எங்கடை கடிதம் வவுனியா தாண்ட ஒரு மாசம் வேணும்."

அந்தக் கிழமையே கடிதம் வந்தது. மனைவி இறந்து ஒரு மாதமாகியிருந்தது.

மறுநாள் காலையும் அவர் ஐஸ் மாற்றினார்.