மொலிமாவின் கை

எதிரே வண்டி வந்தால் மொலிமாவின் வலது கை தானாகவே உயரும். பாதிரியாருக்கு முழுக் கை. அரசாங்க அதிகாரிகளுக்கு ஆள்காட்டி விரல் மட்டும். வண்டியில் குழந்தைகள் இருந்தால் ஐந்து விரலும் ஆடும். எங்கள் அலோஃபியில் எதிர்ப்படுகிற வண்டிக்குக் கை காட்டாமல் போகிறவர், ஒன்று அன்று காலை விமானத்தில் வந்திறங்கியவர், இல்லை கோபத்தில் இருப்பவர். பசிபிக் கடலில் இருக்கிற நியுவேத் தீவின் தலைநகரம் என்று பெயர்தான். நெரிசல் என்பது ஞாயிறு ஆராதனை முடிகிற நேரத்தில் மட்டும்.

மொலிமா அக்கா விருந்தினர் விடுதி நடத்துகிறாள். விமானம் வரும் நாளில் அவளே போய் ஆட்களைக் கூட்டி வருவாள். அவர்கள் வண்டியில் ஏறியதுமே பாடம் தொடங்கிவிடும்.

"யார் வந்தாலும் கை காட்டுங்க. தெரியாதவங்களாச்சேன்னு பாக்காதீங்க. கை ஒண்ணும் தேஞ்சு போயிடாது." பிறகு குரலைத் தாழ்த்துவாள். "நீல டிரக் வந்தா மட்டும் வேணாம். கடலைப் பாத்துக்குங்க."

நீல டிரக் அவள் தம்பி லெமானியுடையது. இங்கே இறந்தவர்களை வீட்டு முன்னால்தான் புதைப்பார்கள். அம்மா இறந்தபோது கல்லறையைத் தன் வீட்டு முன்னால், சாலையோரம் கட்டிவிட்டான். மூத்தவள் வீட்டு முன்னால் கட்டியிருக்க வேண்டும் என்பது அக்காவின் வழக்கு. "பெத்தவளைத் தூக்கிட்டுப் போயிட்டான் டீச்சர். ஒரு பூ வைக்கணும்னாலும் அவன் வாசல்ல போயி நான் நிக்கணுமா?" என்பாள் என்னிடம். நின்றதுமில்லை. அந்த இடத்தைக் கடக்கும்போதும் கடலைத்தான் பார்ப்பாள். எனக்கு ஆத்திரமாக வரும். இத்தனை சின்ன ஊரில் இரண்டு பேர் முகம் பார்க்காமல் இருக்க எவ்வளவு மெனக்கெட வேண்டியிருக்கிறது.

லெமானிக்கு இரண்டு கண்ணிலும் புரை. அதோடுதான் ஓட்டுகிறான், எதிரே வருகிறவர்கள் ஜாக்கிரதையாக இருந்துகொள்ள வேண்டும். நியூசிலாந்தில், ஆக்லாந்தில் மகளோடு போய்த் தங்கிவிடப் போகிறான் என்று சென்ற மாதம் ஊரே பேசியது. அங்கே போனவர்கள் திரும்புவது அபூர்வம். இங்கே தெருவுக்குத் தெரு பூட்டிய வீடுகள் இருக்கின்றன. அக்கா காதில் விழாதது போலத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் வந்த விருந்தாளி ரொம்ப ஒழுங்கான மனிதர். அக்காவுக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, வருகிற வண்டிக்கெல்லாம் ஜன்னல் வழியே கையை நீட்டி ஆட்டினார். அந்த உற்சாகத்தில் பாடத்தின் பின்பாதி மறந்துபோய் நீல டிரக்குக்கும் ஆட்டிவிட்டார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள்.

மறுநாள் காலை அவள் வாசலில், காட்டில் ராத்திரியில் தேடிப் பிடிக்கிற தென்னை நண்டு ஒன்று கிடந்தது. நல்ல பெரியது, உயிரோடு. கொடுக்குகளைக் கட்டியிருந்த முடிச்சைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது அவர்கள் அப்பா கட்டுகிற முடிச்சு.

"அவனுக்குக் கண்ணு சரியாத் தெரியல. நான்தான் கை காட்டினேன்னு நெனச்சுட்டான்," என்றாள்.

"கை காட்டினது நான் இல்லைன்னு சொல்லி அனுப்பிடுங்களேன், அக்கா," என்று சீண்டினேன்.

"சும்மா இரு டீச்சர்." கண் கலங்கியிருந்தது. "அரைக் குருடன். இருட்டுல காட்டுக்குள்ள போயி இதைப் புடிச்சிட்டு வந்திருக்கான்."

நண்டைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்தாள். எனக்குப் பாதி தந்துவிட்டு, தன் பங்கைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். "ஏமாத்தி வாங்கித் திங்கிற மாதிரி இருக்கு," என்றாள். ஆறிய பிறகுதான் சாப்பிட்டாள்.

லெமானி கிளம்புவதற்கு முதல் நாள், மீன் வாங்க அக்காவும் நானும் வண்டியில் போய்க்கொண்டிருந்தோம். பாறை வளைவுக்கு அப்பால், சைலன்சர் ஓட்டையான டிரக்கின் சத்தம் கேட்டது. ஊரில் அப்படி உறுமுகிற வண்டி அது ஒன்றுதான். அக்கா வேகத்தைக் குறைத்தாள். பிறகு ஓரமாக நிறுத்தியே விட்டாள். டிரக் இன்னும் கண்ணில் படவில்லை. அவள் ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கி, தோள் வரைக்கும் கையை வெளியே நீட்டி, உயர்த்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.