ஷிட்ஸுவுக்கு ஒரு மடி

இன்னைக்கு எங்க டாமிக்கு ஊசி போட பாலக்கரை வெட்னரி டாக்டர்கிட்ட போயிருந்தேன்.

பக்கத்துல ஸ்ரீரங்கத்துலேர்ந்து வந்த ஒரு அம்மா. அவங்க மடியில முகமெல்லாம் முடியோட ஒரு ஷிட்ஸு நாய், குறட்டை விட்டுத் தூங்குது.

டாக்டர் வெளிய வந்ததும் அந்த அம்மா சொன்னாங்க: "வீட்டுல நாள் முழுக்க என் காலையே சுத்திச் சுத்தி அழுவுது டாக்டர். இங்க வந்து ஒரு மணி நேரமா இப்படித் தூங்குது!"

டாக்டர் சிரிச்சார். "சீன அரண்மனையில மடியில வச்சுக் கொஞ்சறதுக்குன்னே வளர்த்த ஜாதிம்மா. காவல் எல்லாம் இதுக்கு வராது. மடி கிடைச்சா போதும்."

"அதுக்கு நான் உட்காரணுமே!"

மருந்து எதுவும் எழுதலை. ஆனாலும் அவங்க உடனே எழுந்திருக்கலை.

எங்க வீட்டுல ஒரு ஷிட்ஸு இருந்தா, யோசிக்காம நேரா, எப்பவும் உட்கார்ந்தே இருக்கற அப்பா மடிக்குத்தான் போகும்.

உங்க வீட்டுல?