வெட்டாத கேபிள்

போன சனிக்கிழமை மதியம் இரண்டு மணி. செம்பூரில் என் வீட்டில், சாதத்தில் ரசம் ஊற்றுகிற நேரம் பார்த்து போன்.

“மேடம், நெட்டு வரமாட்டேங்கு. நாலு மணிக்குப் பிள்ளைக்கு டெஸ்ட்டு. கொஞ்சம் வந்துட்டுப் போங்களேன்...”

சாகுல் பாய். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருப்பவர், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். நான் தோளில் மாட்டிக்கொண்டு அலையும் டூல் பை அவர் தைத்ததுதான். ஒன்பது வருடமாக ஒரு தையல்கூட விட்டதில்லை. அப்படிப்பட்டவர் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா? தட்டை மூடி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

விஷயம் இதுதான். பாயின் மகள் நஸ்ரினுக்கு வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை ஒன்று அநேகமாகக் கிடைத்துவிட்டது. தமிழ்நாட்டிலிருந்து மும்பைக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கு, டாக்டர் ஹிந்தியில் சொல்வதை வீடியோவில் தமிழில் சொல்ல வேண்டும். நஸ்ரின் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஆனால் பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. இன்டர்வியூவில் பாஸ். மிச்சம் இருந்தது, நோயாளி போல ஒருவரை வைத்து இருபது நிமிடம் பேசிப் பார்க்கும் லைன் டெஸ்ட் மட்டும். வைஃபை கூடாது, கேபிள்தான் என்பது கம்பெனியின் கண்டிஷன். நடுவில் லைன் அறுந்தால் வேலை லிஸ்டில் அடுத்தவருக்குப் போய்விடும்.

ரவுட்டர் இருப்பது பட்டறையில். வீடு, சந்துக்கு எதிர்ப்பக்கம், ஏணி ஏறினால் மாடியில். நடுவில் கேபிளை பாயே முந்தின நாள் இழுத்திருந்தார். லேப்டாப்பில் செருகினால் லைட் எரிகிறது... அணைகிறது... மறுபடி எரிகிறது.

“அரை மணி நேர வேலை பாய்” என்றேன். முலுண்டிலிருந்து மாஹிம் வரை நான் கேபிள் இழுக்காத ஆபீஸ் குறைவு. இந்தத் தொழிலில் என்னை யாரும் அசைக்க முடியாது. நம்பிக்கை என்றால் நம்பிக்கை!

முதலில் லேப்டாப்பைக் கீழே கொண்டுவந்து, ஒரு குட்டிக் கேபிளில் ரவுட்டரோடு கோத்தேன். ஜோராக ஓடியது. அப்படியென்றால் ரவுட்டர் குற்றமில்லை, லேப்டாப் குற்றமில்லை. கேபிள்தான். இரண்டு முனையையும் நறுக்கிவிட்டுப் புது கனெக்டர் போட்டேன். டெஸ்டரை மாட்டினேன். எட்டுக் கம்பிக்கும் எட்டு விளக்கும் ஒழுங்காக எரிந்தன. லேப்டாப்பில் செருகினால்... பழைய குருடி கதவைத் திறடி.

மணி மூன்றேகால்.

“ஆன்ட்டி, டென்ஷன் ஆகுது” என்றாள் நஸ்ரின். “அவங்க கரெக்டா டைமுக்கு கால் பண்ணிடுவாங்க. ஏக் மினிட் லேட்டானாலும் அவ்ளோதான், முடிஞ்சுது.”

“எவ்வளவு நீளம் பாய்?”

“முப்பது மீட்டர்தாம் இருக்கும் மேடம். இந்தா, எதுத்தாப்புலதான வீடு?”

நானும் அடி எண்ணி நடந்து பார்த்தேன். சரிதான். நாம் நடக்கும் தூரம் வேறு, கேபிள் போகும் தூரம் வேறு. அது பரண் ஏறும், ஜன்னல் தாண்டும், கதவைச் சுற்றி வளையும். எல்லாம் சேர்த்தாலும் நாற்பது. நூறு மீட்டர் வரை இந்தக் கேபிள் சொன்ன பேச்சு கேட்கும். அப்புறம் என்ன கேடு?

அப்போதுதான் கண்ணில் பட்டது. கேபிளின் மேலேயே மீட்டருக்கு மீட்டர் நம்பர் அச்சடித்திருப்பார்கள். நஸ்ரினின் மேஜைப் பக்கம் இருந்த முனையில் 301. இறங்கி ஓடி ரவுட்டர் பக்கம் பார்த்தேன். 3.

சந்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக, முந்நூறு மீட்டர்! இதே முனைகளை அரை மணி முன்பு நறுக்கியது நான்தான். நம்பரைப் படித்தேனா? எனக்கு அதெல்லாம் எதற்கு, நான்தான் எக்ஸ்பர்ட் ஆயிற்றே.

“பாய்... மிச்ச கேபிள் எங்கே?”

பாய் பரணைப் பார்த்தார். ஏறினேன். தைத்த பைகளுக்குப் பின்னால் ஒரு அட்டைப்பெட்டி. ஒரு துளைவழியாகக் கேபிள் உள்ளே போய், இன்னொரு துளைவழியாக வெளியே வந்தது. கடையில் வாங்கிய முழுப் பெட்டியை வெட்டாமல், இரண்டு நுனியை மட்டும் வெளியே இழுத்து மாட்டியிருக்கிறார் மனிதர்.

“ஏன் பாய் வெட்டலை?”

“வெட்டிட்டா போச்சுல்லா மேடம்? தாராவிய இடிச்சுக் கட்டப்போறாவளாம், இன்னைக்கோ நாளைக்கோ இடத்தக் காலி பண்ணணும்னு சொல்லுதாவ. புது பில்டிங்ல ரெண்டாம் மாடி குடுப்பாவளோ, இருவதாம் மாடி குடுப்பாவளோ. இங்கன துண்டு போட்டுட்டு, அங்கன போயி எட்டலேன்னா என்ன செய்ய?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தோலை விரித்தால் கண்ணளவிலேயே கத்தி போடுகிறவர் அவர், வெட்டுவதுதான் தொழிலே. அந்தக் கை ஒரு கேபிளை வெட்டப் பயந்திருக்கிறது. தொழில்முறையில் நான் ஆயிரம் அளவு எடுத்திருக்கிறேன். இன்னும் கட்டாத வீட்டின் தெரியாத மாடிக்கு யார் அளவு எடுத்துக் கொடுப்பது?

மூன்று நாற்பது.

“வாப்பா” என்றாள் நஸ்ரின் மெதுவாக. “அந்த வீடு வரும்போது வரட்டும். எனக்கு வேலை இன்னைக்கு வேணும்.”

பாய் தோல் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு பரண் ஏறினார். “எங்கன மேடம்?” நம்பரைப் பார்த்துச் சொன்னேன்: “இருநூத்தி அறுபதில போடுங்க. இந்த வீட்டுக்கு நாற்பத்தொண்ணு தாராளம்.” ஒரே வெட்டு. வெட்டிய முனையில் கனெக்டர் போட்டு ரவுட்டரில் செருக எனக்கு இரண்டு நிமிடம். மேலே லேப்டாப்பில் லைட் எரிந்தது. அணையவில்லை.

சரியாக நாலு மணிக்கு கால் வந்தது. நஸ்ரின் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளிருந்து அவள் குரல்: “பயப்படாதீங்கம்மா, டாக்டர் சொல்றத ஒண்ணுவிடாம நான் உங்களுக்குச் சொல்றேன்...” கீழே பாய் ரவுட்டரின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்தப் பச்சை லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது நிமிடமும் அவர் அசையவில்லை.

திங்கட்கிழமை வேலையில் சேர்ந்துவிட்டாள். பெட்டியில் மிச்சமிருந்த கேபிளை பாய் கயிறு போட்டுக் கட்டிப் பரணில் வைத்திருக்கிறார். அது இருக்கட்டும், தப்பில்லை.

அந்தச் சனிக்கிழமை மாலையே வீட்டுக்கு வந்து, ஆறிப்போன ரசத்தைச் சூடு பண்ணிச் சாப்பிட்டபடி ஹால் சுவரைப் பார்த்தேன். எங்கள் அடுக்குமாடி சொசைட்டிக்கும் இடித்துக் கட்டும் ரீடெவலப்மென்ட் வரப்போகிறதாம்... எட்டு வருடமாக வரப்போகிறது. அதனால் எட்டு வருடமாகப் பெயின்ட் கிடையாது. ஈரம் பூத்துச் சுவரே உரிந்து தொங்குகிறது. பாயைச் சொல்ல எனக்கு என்ன யோக்யதை?

பெயின்டருக்கு போன் போட்டேன். கணவர் பதறினார்: “இடிக்கப்போற வீட்டுக்கு யாராவது பெயின்ட் அடிப்பாளா?”

இடிக்கிறவர்கள் நல்ல கலரில் இருப்பதையே இடித்துவிட்டுப் போகட்டுமே!