மோனோ ஆக்டிங்கும் பதினோரு சாவும்

பள்ளிக்கூடத்துல கெமிஸ்ட்ரி எடுக்குறவங்க தலையிலதான் டிராமாவும் விழும், ஏன்னா கிளிசரின் இருக்குற பீரோ சாவி அவுங்ககிட்டதான் இருக்கு. பிள்ளைங்களைத் தேத்திப் போட்டிக்கு அனுப்பி நொந்துபோன டீச்சர்களே, உங்ககிட்ட சொன்னாதான் எனக்கு ஆறும்.

சிதம்பரத்துல மோனோ ஆக்டிங் போட்டி. மேடையில ஒருத்தரே பேசி நடிக்கணும். கடலூர்ல இருக்குற எங்க ஸ்கூல்லேர்ந்து ஒரே ஒரு ஆள்தான் போகலாம். மூணு வருஷமா வெறுங்கையோட திரும்பியாச்சு. இந்தத் தடவையும் அப்படின்னா டிராமா பீரியடைக் கணக்கு சாருக்குக் கொடுத்துடுவேன்னு எச்.எம். சொல்லிட்டாங்க. வாரத்துல அந்த ஒரு பீரியடுலதான் நானும் பிள்ளைங்களும் சிரிக்கிறோம், அதை எப்படி விடுறது? ஸ்கூல் தேர்வுக்கு வர்றவங்க நடிக்கிற பீஸை, அதான் காட்சியை, அவங்கவங்களே தேர்ந்தெடுத்துட்டு வரணும்னு நோட்டீஸ் போட்டேன். வினையை நானே கூப்பிட்டேன்.

வரிசையா சாவு

பதினாலு பேர் வந்தாங்க. பதினோரு பேர் மேடையில செத்துப் போனாங்க. ஒருத்தன் எல்லையில குண்டடி பட்டு, ஒருத்தி பிரசவத்துல, தினேஷ் பாம்பு கடிச்சு. அவன் விழுந்த வேகத்துல சட்டை பட்டன் ரெண்டு தெறிச்சுது. உயிரோட இருக்குற மாதிரி ஒரு பீஸ் கூடவாடா கிடைக்கலன்னு கேட்டேன். பட்டனைத் தேடிக்கிட்டே சொன்னான்: "சாவாதவங்களுக்கு யார் மிஸ் பரிசு கொடுத்திருக்காங்க?"

பண்ருட்டி ராஜா

சாவாத மூணு பேர்ல ஒருத்தன் கார்த்திக். அவங்கப்பா பண்ருட்டியில முந்திரி வியாபாரம். பையனுக்கு ராஜா வசனம் அவரே எழுதி, கூடவே வந்துட்டார். பையன் ரெண்டு வரி முணுமுணுத்தான். அப்படி இல்லடான்னு மேடை ஏறினவர் கால் மணி நேரம் இறங்கவே இல்ல. வாளுக்குப் பதிலா குடை. சும்மா சொல்லக்கூடாது, பிரமாதம். பையன் கீழே உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கிட்டிருந்தான். உங்க பையனுக்கு நடிப்புல இஷ்டமா சார்னு மெதுவா கேட்டேன். மனுஷன் வேர்வையைத் துடைச்சுக்கிட்டு, கொஞ்சம் வெக்கத்தோட சொன்னார்: "அவனுக்கு இல்லீங்க மிஸ். எனக்குத்தான்."

ஒரு போன் கால்

கடைசியா ஒன்பதாம் வகுப்பு சஃபியா வந்தா. துபாய்ல வேலை பார்க்குற அத்தாகிட்ட, அதாவது அவ அப்பாகிட்ட, அவ அம்மா போன்ல பேசுறதுதான் பீஸ். மழைத்தண்ணி வீட்டுக்குள்ள ஏறுது. கட்டில் மேல காலைத் தூக்கி வெச்சு, அரிசி மூட்டையை ஒத்தைக் கையால மேலே இழுத்துக்கிட்டே, இங்க தூறல்தாங்க, நீங்க சாப்பிட்டீங்களான்னு பேசுறா. சிதம்பரத்துக்கு இவதான்னு அங்கேயே முடிவு பண்ணிட்டேன்.

மறுநாள் அவ அம்மாவே ஸ்டாஃப் ரூம் வாசல்ல வந்து நின்னாங்க. வீட்டு விஷயத்தை மேடையேத்திட்டோம், போட்டியும் போச்சு, பீரியடும் போச்சுன்னு நெனச்சேன். மன்னிப்புக் கேக்க வாயெடுத்தேன். அதெல்லாம் வேணாம், மக வீட்டுல நடிச்சுக் காட்டுனதைப் பார்த்தேன்னாங்க. அத்தாவுக்கு மட்டும் வீடியோ போகக்கூடாதாம். அப்புறம் ஒரு குறை சொன்னாங்க: "பேசி முடிச்ச உடனே இவ எழுந்துடுறா மிஸ். நான் அப்படி எழுந்துக்க மாட்டேன். அவுங்க வெச்சப்புறமும் கொஞ்ச நேரம் போனைக் காதுலயே வெச்சிருப்பேன்."

சிதம்பரத்துல ரெண்டாம் பரிசு வாங்கி பீரியடைக் காப்பாத்திட்டோம். அந்தக் கடைசிக் கொஞ்ச நேரத்தைப் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்கன்னு நடுவர் கேட்டப்போ, எல்லாம் நம்ம பயிற்சிதாங்கன்னு வாய் கூசாம சொன்னதுதான் இத்தனை வருஷத்துல நான் பண்ண ஒரே நல்ல நடிப்பு.