அவளே வேண்டும் என்று கேட்டேன்

என் மூத்த மகள் டெங்குவில் இறந்தபோது அவளுக்கு ஆறு வயது. காரியம் முடிந்த மறுவாரம், அவள் சீப்பில் சிக்கியிருந்த முடியை ஒரு பாலித்தீன் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு கோயமுத்தூருக்கு பஸ் ஏறினேன். ஏழு வருடம் குழந்தை இல்லாமல் அலைந்த எங்களுக்கு, சோதனைக் குழாய் முறையில் அவளைத் தந்த டாக்டரம்மா அங்கேதான் இருந்தார்.

"ஆட்டையெல்லாம் குளோனிங் பண்ணீட்டாங்கன்னு சொல்றாங்களேங்க. இந்த முடிய வெச்சு எம்புள்ளைய அப்படியே எடுத்துக் குடுக்க முடியுமாங்க?"

அவர் சிரிக்கவில்லை. "மனுசங்களுக்கு அதைப் பண்றதில்லீங்க. பண்ணவும் கூடாது. நாளைக்கே முடியும்னாலும் பொறக்கறது வேற கொழந்தைங்க. முகம் வேணா அதே மாதிரி இருக்கும். இன்னொருத்தியா வாழோணும்னு ஒரு கொழந்தைகிட்ட நாம எப்படீங்க சொல்றது?"

மூத்தவளோடு சேர்ந்து உருவான இன்னொரு கரு அவர் ஆஸ்பத்திரியில் உறைநிலையில் இருந்தது. அதையாவது கொடுங்கள் என்றேன். "தரலாங்க. ஆனா அது தம்பியோ தங்கச்சியோதான். அவ இல்லை" என்றார். தலையாட்டினேனே தவிர, மனதில் வாங்கவில்லை.

என் மனைவியும் சொன்னாள்: "வரட்டுங்க. ஆனா வர்ற கொழந்தைய அது போக்குல வளரவுடுங்க."

பெண் பிறந்தாள். மூத்தவளின் பெயரையே வைத்தேன். என் தையல் யூனிட்டில் நானே மெஷினில் உட்கார்ந்து, மூத்தவள் போட்ட அதே மாதிரி கவுன்களைத் தைத்தேன். மூத்தவள் சத்தமே போடமாட்டாள். இவள் வீடு அதிரக் கத்துவாள், தெருநாயை மடியில் தூக்கி வைத்துக்கொள்வாள், இடது கையால் எழுதுவாள். "அக்கா இப்படிப் பண்ணமாட்டா கண்ணு" என்று நாளைக்குப் பத்துத் தடவை சொல்லியிருப்பேன். பென்சிலை வலது கைக்கு மாற்றிவிடுவேன்.

ஆறு வயதில் அவளுக்குச் சாதாரணக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக்கொண்டு மூவரும் உட்கார்ந்திருந்தோம். மடியில் படுத்திருந்தவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, அக்கா மாதிரி நானும் இப்பச் செத்துப்போகோணுமா?"

அவள் குரலில் பயம் இல்லை. வீட்டுப்பாடத்தில் சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டாள். என் மனைவி அவளை என் மடியிலிருந்து தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

டாக்டரம்மா கூடாது என்று சொன்ன காரியத்தை எந்த விஞ்ஞானமும் இல்லாமல் வீட்டிலேயே செய்து பார்த்திருக்கிறேன் என்று அந்தப் பெஞ்சில்தான் எனக்கு உறைத்தது.

காய்ச்சல் மூன்று நாளில் விட்டுவிட்டது. "உனக்குப் புடிச்ச பேரா நீயே வெச்சுக்க கண்ணு" என்றேன். இரண்டு நாள் யோசித்து ஒரு பெயர் சொன்னாள். அலைந்து திரிந்து பிறப்புச் சான்றிதழ் முதற்கொண்டு மாற்றிக் கொடுத்தேன்.

இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. ஆனால் செருப்பு வாங்கப் போனாலும், ஓட்டலில் என்ன வேண்டும் என்று கேட்டாலும், பதில் சொல்லுமுன் என் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்கிறாள்.